கராஜுக்கு ஹீற்றர் வாங்கப் புறப்பட்டவர்களுக்கு

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மோட்டார் சைக்கிளைக் கராஜுக்குள் ஏற்றிவிட்டு ஏப்ரலுக்காகக் காத்திருக்கும் தமிழ் அன்பர்களுக்கு,



நகரசபை லொறி வந்து தெருவில் முதல் உப்பைக் கொட்டிவிட்டுப் போனதும் மோட்டார் சைக்கிள்கள் உள்ளே போய்விடும். அதன்பிறகு நாலைந்து மாதத்துக்கு அவரவர் தலைக்குள் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். கார்புரேற்றரைக் கழற்றிக் கழுவ வேண்டும். செயின் இழுபட்டுப் போய்விட்டது. முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறது. வால்வு இடைவெளி பார்த்து இரண்டு வருடமாகிவிட்டது. கோடையில் வண்டியை ஓடுவதா பிரிப்பதா என்று கேட்டால் யாரும் ஓடத்தான் போவார்கள்; ஆகவே வேலை முழுவதும் பனிக்காலத்தின் தலையில் வந்து விழும். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கராஜ் விளக்கைப் போட்டு ஸ்பானரைக் கையில் எடுத்தால், பத்தாவது நிமிடம் விரல் விறைத்து நட்டு எங்கோ விழுந்து உருண்டு போகும். அடுத்த கட்டம் எல்லாருக்கும் ஒன்றேதான்: ஹீற்றர் வாங்கக் கடைக்குப் போவது.

வீட்டுக்கும் அந்தக் கடைக்கும் நடுவில் உங்களைக் கொஞ்ச நேரம் மறித்து வைப்பதற்குத்தான் இந்த மடல்.

குளிரில் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. கியூபெக்கில் வல்கூர் என்ற சிற்றூரில் ஜோசஃப் அர்மான்ட் பொம்பார்டியே 1926இல் கராஜ் திறந்தபோது, பனி விழுந்தால் ஊர்த் தெருக்கள் மூடிக்கிடக்கும். கார்கள் கொட்டிலுக்குள் போய்விடும். வாடிக்கையாளர் வராத அந்த மாதங்களில்தான் அவர் பனியில் ஓடும் வண்டியை உருட்டி உருட்டிப் பார்த்தார். 1934 பனிக்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் நோய் கடுமையாகியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை, செய்துகொண்டிருந்த வண்டியும் ஓடும் நிலையில் இல்லை. பிள்ளை இறந்துபோனான். 1937இல் அவருடைய பனி வண்டிக்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று தெருவில் போகும் கான்-ஆம் மூன்று சக்கர வண்டிகள் அந்தக் கராஜின் வழித்தோன்றல்கள்தான். எல்லைக்கு அப்பால் மில்வாக்கியிலும் குளிர் குறைவில்லை. ஹார்லி-டேவிட்சன் 1903இல் தொடங்கியது டேவிட்சன் வீட்டுக் கொல்லையில் நின்ற 10 அடிக்கு 15 அடி மரக் கொட்டிலில். அந்த அளவை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் ஒரு கணக்கு.

இரண்டு கார் நிற்கும் கராஜ் ஒன்றை 20 அடிக்கு 20 அடி, 9 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் இருக்கும் காற்றை 10 பாகை சூடாக்க ஏறக்குறைய மூன்றில் ஒரு கிலோவாட் மணி மின்சாரம் போதும். மலிவுதான். ஆனால் அதே கராஜின் நான்கு அங்குலத் தடிப்பான கொங்கிறீற்றுத் தரை ஒன்பது தொன் வரை வரும். அதையும் 10 பாகை சூடாக்கக் கேட்டால் இருபது கிலோவாட் மணிக்கு மேல் விழுங்கும். ஹீற்றரைப் போட்டு ஒரு மணி நேரத்தில் முகத்தில் வெப்பம் அடிக்கும், முழங்காலோ ஐஸ்பெட்டியில் வைத்ததுபோல இருக்கும் என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான். நீங்கள் நிற்பது காற்றில். மண்டியிட்டு வேலை செய்வது கொங்கிறீற்றில்.

இனி கதவு. 16 அடிக்கு 7 அடி அளவான சாதாரண இரும்புத் தகட்டுக் கதவு ஒன்று, வெப்பம் தடுக்கும் அடைப்பு எதுவும் இல்லாதது. அதன் தடுப்புத் திறன் ஆர்-1 அளவுதான். உள்ளே 10 பாகை, வெளியே மைனஸ் 10 என்றால் அந்தக் கதவு வழியாக மட்டும் 1,200 வாட்டுக்குக் கிட்ட வெளியேறும். சுவரில் சாதாரணப் பிளக்கில் செருகும் ஹீற்றர்கள் எல்லாம் 1,500 வாட்டோடு நின்றுவிடும், ஏனென்றால் 120 வோல்ற், 15 அம்பியர் இணைப்பு நெடுநேரம் தாங்குவது ஏறத்தாழ அவ்வளவுதான். ஆக நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கு தெருவிலுள்ள பனியை உருக்கப் போகிறது. அதே கதவுக்கு ஆர்-9 அளவில் அடைப்பு இருந்தால் இழப்பு 130 வாட்டுக்கு இறங்கிவிடும். விளிம்பு வழியாகக் காற்றுப் புகாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். கதவின் அடியில் உள்ள ரப்பர் பட்டி வெடித்துப் போயிருந்தால் எந்த ஹீற்றரும் அந்தக் கராஜை வெல்லாது. இருட்டிய பிறகு உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு வெளியே நின்று பாருங்கள்; வெளிச்சம் கசியும் இடத்தையெல்லாம் சோக்கட்டியால் குறித்துக்கொள்ளலாம்.

ஆகவே முதல் காசு கதவுக்கு, இரண்டாவது காசு தரைக்கு. கதவின் பனல்களுக்குள் வெட்டிச் செருகும் நுரைப் பலகைத் தொகுதிகள் வன்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. சுவரில் நுரைப் பலகை ஒட்டுகிறவர்கள் அதை அப்படியே வெறுமனே விடக்கூடாது. அது எரியத் தொடங்கினால் நெருப்பும் கரும்புகையும் மிக வேகமாகப் பரவும் என்பதால் மேலே ஜிப்ரொக் அடிக்க வேண்டும். தரையில், வண்டி நிற்கும் இடத்திலும் நீங்கள் மண்டியிடும் இடத்திலும் மட்டும் ஒன்றோடொன்று பூட்டும் தடித்த ரப்பர் பாய் போட்டால் போதும். முழுத் தரைக்கும் போட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

இப்போது ஹீற்றர். இங்கேதான் உங்களில் பலர் கோபிக்கப் போகிறீர்கள்.

யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு மண்ணெண்ணெய் என்பது வீட்டுப் பிள்ளை மாதிரி. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத பொருள். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சின்னப் போத்தலில் இருந்து ஒரு சொட்டுப் பெற்றோல். இரவில் ஜாம் போத்தல் விளக்கு. அப்படி வளர்ந்த கைக்கு மண்ணெண்ணெய் ஹீற்றரைக் கண்டால் பயம் வராது, பாசம்தான் வரும். ஆனால் அந்த வீடுகளில் ஓட்டு இடுக்கு எல்லாம் காற்று வந்துபோனது, ஜன்னல் இரவுபகலாகத் திறந்தே கிடந்தது. விளக்கு எரித்த காற்றுக்குப் பதில் புதுக் காற்று தானாக வந்தது. இங்கே நீங்கள் கதவிடுக்கை எல்லாம் அடைத்துவிட்டு, குழாய் இல்லாத ஹீற்றர் ஒன்றை உள்ளே கொளுத்துகிறீர்கள். அது எரிக்கும் ஒட்சிசனும் விடும் காபன் மொனொக்சைட்டும் உங்கள் மூக்கடியில்தான்.

மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் ஒரு வேறுபாடும் உண்டு. மண்ணெண்ணெய் 38 பாகைக்குக் குறையாத வெப்பத்தில்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெற்றோலுக்கு மைனஸ் 40 போதும். ஜனவரிக் குளிரிலும் திறந்து வைத்த பெற்றோல் தகரம் ஆவி விட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரம். மேலே போகாது, தண்ணீர்போலத் தரையோடு ஊர்ந்து போய் ஹீற்றரின் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். கராஜில் வைக்கும் எரிவாயுச் சாதனங்களில் தீப்பொறி வரும் பகுதி தரையிலிருந்து 18 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று வட அமெரிக்க விதிகள் சொல்வது இதனால்தான். கடையில் தரையில் வைத்து விற்கும் அந்த அழகான சின்ன ஹீற்றரின் சுடர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.

இன்னும் ஒன்று, பழைய பழக்கத்தில் யாராவது செய்துவிடக்கூடாது என்பதற்காக: தாங்கியிலிருந்து வடித்த பழைய பெற்றோலை வீணாக்குவானேன் என்று மண்ணெண்ணெய் ஹீற்றருக்குள் கலந்து ஊற்றக்கூடாது. மோட்டார் சைக்கிளுக்கு அந்தக் கலவை ஒத்துப்போனது. ஹீற்றருக்கு ஒத்துப்போகாது, சுடர் கட்டுக்கடங்காமல் மேலெழும்.

புறொப்பேன் ஹீற்றர்காரர்கள் தங்களுடையது சுத்தமாக எரிகிறது என்பார்கள். புகை இல்லை, மணம் இல்லை, உண்மைதான். ஆனால் ஒரு கிலோ புறொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் பிறக்கும். பார்பிக்கியூவுக்குப் பயன்படும் ஒன்பது கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடியும்போது ஏறக்குறைய 15 லீற்றர் தண்ணீர் நீராவியாக உங்கள் கராஜுக்குள் கலந்திருக்கும். அது எங்கே போகும்? கராஜில் மிகக் குளிர்ந்த பொருளைத் தேடிப் போகும். மோட்டார் சைக்கிளின் இயந்திரம், பிறேக் தட்டு, நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஸ்பானர் பெட்டி. சனிக்கிழமை மட்டும் சூடாக்கி ஞாயிறு முதல் வெள்ளி வரை குளிரவிடும் கராஜில், துரு ஏறுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை யாராலும் செய்து தர முடியாது. சில சின்ன ஹீற்றர்களில் ஒட்சிசன் குறைந்தால் தானாக அணையும் உணரி உண்டு. அது காபன் மொனொக்சைட்டை அளக்கும் கருவி அல்ல. இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள்.

குருதியில் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் வாயு காபன் மொனொக்சைட். மணமில்லை, நிறமில்லை. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டதால் ஒரு குடும்பத்தில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்கள் பெயரால் 2013இல் வந்ததுதான் ஹோக்கின்ஸ் ஜின்யாக் சட்டம். 2014 ஒக்ரோபரிலிருந்து, எரிபொருள் சாதனமோ வீட்டோடு ஒட்டிய கராஜோ உள்ள ஒன்ராறியோ வீடுகளில் காபன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம். கராஜ் ஒட்டியிருந்தாலே கட்டாயம் என்பதைக் கவனியுங்கள், ஹீற்றர் இருக்கிறதோ இல்லையோ. வண்டியை ஒரு நிமிடம் கிளப்பிப் பார்த்தால் என்ன, கதவு திறந்துதானே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஒரு பரிசோதனை பதில் சொல்லும்: பெரிய கதவைத் திறந்து வைத்துக் கார் ஒன்றை இரண்டே நிமிடம் ஓடவிட்டபோது கராஜுக்குள் இந்த வாயு மில்லியனில் 500 பங்குக்கு ஏறியது, காரை வெளியே எடுத்துப் பத்து மணி நேரமாகியும் அளக்கக்கூடிய அளவில் மிச்சம் இருந்தது. கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் இல்லாத பழைய மோட்டார் சைக்கிள்கள் இந்த விஷயத்தில் பெரிய கார்களுக்கே பாடம் நடத்தும்.

கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவு இறுகச் சாத்த வேண்டும், தானாக மூட வேண்டும், படுக்கையறைக்குள் திறக்கக்கூடாது என்று கட்டட விதி இருக்கிறது. அந்தத் தானியங்கி மூடியை, சாமான் தூக்கிக்கொண்டு போகக் கரைச்சலாக இருக்கிறது என்று கழற்றி வைத்தவர்கள் திரும்பப் பூட்டிவிடுங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? உள்ளே திறந்த சுடர் இல்லாத எதுவும் பரவாயில்லை. விலைக்குத் தக்க வரிசை இருக்கிறது, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு 240 வோல்ற்றில் ஓடும் 5,000 வாட் மின் ஹீற்றர் போதும். கூரையோடு தொங்கும், மணிக்கு 17,000 பீரியு தரும், அடைப்பு ஒழுங்காகச் செய்த இரண்டு கார்க் கராஜை மைனஸ் 10 நாளிலும் வேலை செய்யத்தக்க வெப்பத்தில் வைத்திருக்கும். அதற்கு 30 அம்பியர் தனி வயர் இழுக்க வேண்டும். உரிமம் உள்ள மின் ஒப்பந்தக்காரர் செய்யலாம், அல்லது உங்கள் சொந்த வீட்டில் மின் பாதுகாப்பு அமைப்பான ஈஎஸ்ஏயின் அனுமதி எடுத்து நீங்களே செய்யலாம். யாரோ தெரிந்த தம்பி வந்து ஞாயிறு பின்னேரம் இழுத்துவிட்டுப் போவது இரண்டிலும் சேராது. மின்கட்டணத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: நேரத்துக்கு ஏற்ற கட்டண முறையில் வார இறுதி முழுவதும், கிழமை நாட்களில் இரவு ஏழு மணிக்குப் பிறகும், குறைந்த விலை நேரம்தான். மோட்டார் சைக்கிள் பிரிப்பவர்களின் நேரமும் அதுவே.

இயற்கை எரிவாயு விரும்புகிறவர்கள், எரிக்கும் காற்றை வெளியிலிருந்தே எடுத்துப் புகையை வெளியிலேயே விடும் மூடிய அறை வகையைக் கேளுங்கள். பொருத்துவது, எரிபொருள் பாதுகாப்பைக் கண்காணிக்கும் டீஎஸ்எஸ்ஏ அமைப்பின் சான்று பெற்றவரின் வேலை. இரட்டைப் பெட்டி வெப்பப் பம்பு இன்னும் நல்லது, விலைதான் கையைக் கடிக்கும். விறகடுப்பு வேண்டாம். அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 211 தரம் வீட்டுக் கராஜில் அதைத் தடை செய்கிறது, இங்கேயும் காப்புறுதிக் கம்பனிக்குச் சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வரும் என்று. லொறிக்காரர்கள் தூங்குவதற்கென்று வந்த சின்ன டீசல் ஹீற்றர்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் புகை வெளியேதான் போகிறது, அது சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் அவை வண்டிக்கென்று செய்தவை, வீட்டுக்கென்று சான்று பெற்றவை அல்ல. தீப்பிடித்தால் காப்புறுதிக்காரருக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான்.

மின் ஹீற்றரும் முழு அப்பாவி அல்ல. சிவந்து எரியும் கம்பி, தெர்மோஸ்டாற்றுக்குள் வெட்டிச் சேரும் பொறி, இரண்டும் பெற்றோல் ஆவிக்குப் போதும். கார்புரேற்றரை வடிக்கும்போதும் தாங்கியைக் கழற்றும்போதும் ஹீற்றரை அணைத்து, பெரிய கதவை முழுதாகத் தூக்கி, அந்த அரை மணி நேரக் குளிரைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். நவம்பரிலேயே இந்த வேலையை வெளியே முடித்துவிடுகிறவர்கள் புத்திசாலிகள். பிறேக் கிளீனர் அடிக்கிறவர்கள் தகரத்தின் பின்பக்கத்தை வாசியுங்கள். குளோரின் இல்லாத வகை தீப்பற்றும். குளோரின் கலந்த வகை தீப்பற்றாது, ஆனால் சிவந்த கம்பியிலோ வெல்டிங் பொறியிலோ பட்டால் பொஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்ல வீசிய அதே வாயு. எந்தத் தகரமானாலும் ஹீற்றர் அணைந்திருக்க வேண்டும்.

இப்போது அந்த 10 அடிக்கு 15 அடிக்கு வருவோம். உங்கள் கராஜ் 400 சதுர அடி; ஹார்லிக்காரர்களுக்கு 150 போதுமாக இருந்தது. மோட்டார் சைக்கிளுக்கும் உங்களுக்கும் வேலைப் பலகைக்கும் அதற்கு மேல் ஏன்? கூரையில் ஒரு தண்டவாளம் அடித்து, தடித்த திரை ஒன்றால் மூலையை மறித்துவிட்டால் சூடாக்க வேண்டிய இடம் பாதிக்கும் குறைவு. பெற்றோல் முழுவதும் வடித்த வண்டி மட்டும் அந்தத் திரைக்குள் இருக்கலாம், ஹீற்றரும் துணியும் மூன்றடி விலகி நிற்க வேண்டும். இன்னும் மலிவான வழி, அறையை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்குவது. மோட்டார் சைக்கிள்காரர்களுக்கென்றே வரும் பற்றரிச் சூட்டு ஜக்கற் அலமாரியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதை ஏப்ரல் வரை எடுக்கக்கூடாது என்று யார் சொன்னது?

சில வேலைகளுக்குத்தான் உண்மையான வெப்பம் வேண்டும். ரயர் கழற்றி மாட்டுவதென்றால் ரயரை முதல் நாளே வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். குளிர்ந்த ரப்பர் லீவருக்கு மசியாது, பந்தய ரயர்கள் உறைநிலையில் வளைத்தால் வெடிக்கவும் கூடும். எப்பொக்சிப் பசையும் பெயின்றும் குளிரில் காய மறுக்கும். பக்கத்தில் எழுதியிருக்கும் வெப்பநிலை அலங்காரத்துக்கு அல்ல. கார்புரேற்றரைக் கழுவித் துடைத்து மணம் போனபிறகு சமையல் மேசைக்குக் கொண்டுவரலாம். வீட்டில் அதற்கு அனுமதி வாங்குவது உங்கள் பாடு. பற்றரியைக் கட்டாயம் கழற்றி உள்ளே எடுங்கள். நிறைய ஏற்றிய ஈய பற்றரி எந்த ஒன்ராறியோக் குளிரையும் தாங்கும், இறங்கிப்போனதோ மைனஸ் 10இலேயே உறைந்து வெடிக்கக்கூடும். லிதியம் என்றால் சைபருக்குக் கீழே சார்ஜ் போடவே கூடாது.

கராஜை நாள் முழுக்க 20 பாகையில் வைத்திருக்கத் தேவையில்லை. 5 பாகையில் ஒரே சீராக நிற்கவிட்டு, வேலை நாளில் மட்டும் 12 அல்லது 13க்கு ஏற்றினால் இரும்பில் தண்ணீர் படிவது பெரிதும் குறையும். ஏற்றும்போது மெல்ல ஏற்றுங்கள்; வண்டியின் இரும்பு காற்றோடு சேர்ந்து சூடாக வேண்டும், பின்தங்கிக் குளிர்ந்து நிற்கக்கூடாது.

கராஜ் இல்லாதவர்களும் உங்களில் உண்டு. நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருப்பவர்கள், அடுக்குமாடித் தரிப்பிடத்தில் வண்டியை மூடி வைத்தவர்கள். உங்களுக்கு இந்த மடலில் ஒரு வரிதான்: வண்டியை வீட்டுக்குள் ஏற்றாதீர்கள், பாகங்களை மட்டும் ஏற்றுங்கள்.

மார்ச்சில் எல்லாம் பூட்டி முடிந்ததும் பெற்றோலைக் கடைசியாக ஊற்றுங்கள், அதுவும் டிரைவ்வேக்கு உருட்டிக்கொண்டு வந்தபிறகு. அங்கே கிளப்பிப் பாருங்கள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரரும் எட்டிப் பார்ப்பார், பரவாயில்லை. ஆனால் உடனே தெருவில் இறங்கவேண்டாம். தெருவோரத்தில் படிந்த உப்பும் மண்ணும் இரண்டு மூன்று நல்ல மழைக்குப் பிறகுதான் கழுவுப்பட்டுப் போகும். அதுவரை வண்டி கராஜுக்குள்ளேயே நிற்கட்டும், ஹீற்றரை அணைத்துவிடலாம்.

அன்புடன்,
குளிருக்குள் இன்னொரு கராஜிலிருந்து